நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம்

1999 ஜூலை 8, வியாழக்கிழமை. பிரிட்டனில் ஒரு சிறுவர் நாவல் வெளியாகிறது. கடைகளுக்குப் பதிப்பகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: பிற்பகல் 3:45 மணிக்கு முன்னால் ஒரு பிரதிகூட விற்கக் கூடாது. காலையிலேயே விற்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிடுவார்களே என்ற கவலைதான் காரணம். பள்ளி மணி அடித்து, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவரும் நேரத்துக்கு விற்பனையைத் தொடங்கினால் போதும் என்று முடிவானது.

அது ஹாரி பாட்டர் வரிசையில் மூன்றாவது புத்தகம். பின்னால் வந்த நள்ளிரவுத் திருவிழாக்களும், கூம்புத் தொப்பியும் கறுப்பு அங்கியும் போட்டுக்கொண்டு நடைபாதையில் படுத்துக் கிடந்த கூட்டமும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தப் பரபரப்பு எப்படி உருவானது என்று பார்க்க வேண்டுமானால், இந்த 3:45-லிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. புத்தகத்துக்கு வெளியீட்டுத் தேதி இருப்பது புதிதில்லை. பொதுவாக அது வியாபாரிகளுக்குள் இருக்கும் தேதி. பெட்டி இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கினால் கடைக்காரர் பிரித்து அடுக்கிவிடுவார். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சினிமாவுக்கு முதல் நாள் முதல் காட்சி உண்டு. புத்தகத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. மணியும் நிமிடமும் குறித்து, அதுவரை கதவைச் சாத்தி வைத்தபோதுதான் கதவுக்கு வெளியே கூட்டம் சேர ஆரம்பித்தது.

இத்தனைக்கும் தொடக்கத்தில் பரபரப்பே இல்லை. 1997 ஜூன் 26 அன்று லண்டனின் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் முதல் புத்தகத்தை வெளியிட்டபோது கெட்டி அட்டையில் அச்சிட்டது 500 பிரதிகள். அதிலும் 300 பிரதிகள் நூலகங்களுக்குப் போயின. அதற்கு முன்பே சுமார் பன்னிரண்டு பதிப்பகங்கள் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பியிருந்தன. ப்ளூம்ஸ்பரியின் தலைவர் நைஜல் நியூட்டன் முதல் அத்தியாயத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார் என்றும், அவள் படித்துவிட்டு மிச்சம் எங்கே என்று நச்சரித்ததால்தான் புத்தகத்துக்கே வழி பிறந்தது என்றும் பதிப்புலகில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் கையில் எடுக்க மாட்டார்களோ என்று பயந்து, ஜோஆன் ரௌலிங் என்ற பெயரை ஜே.கே. ரௌலிங் என்று அட்டையில் போட்டார்கள். தெரு நிறைய விளம்பரத் தட்டியெல்லாம் இல்லை. படித்த பிள்ளை பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் சொன்னது. அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டு அடம்பிடித்தது. முதல் இரண்டு ஆண்டுகள் வியாபாரம் நடந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. அட்லாண்டிக் கடல்தான் அந்தச் சிக்கல்.

அமெரிக்க உரிமையை ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் 1,05,000 டாலருக்கு வாங்கியிருந்தது. யாரென்றே தெரியாத ஒருவரின் முதல் சிறுவர் நாவலுக்கு அது கண்ணைக் கட்டும் தொகை. முதல் புத்தகத்தை 1998 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். அதற்குள் பிரிட்டனில் இரண்டாவது புத்தகமே ஜூலையில் வந்துவிட்டது. அமெரிக்காவில் அந்த இரண்டாவதற்கு 1999 ஜூன் வரை, கிட்டத்தட்ட பதினொரு மாதம், காத்திருக்க வேண்டும். முந்தைய தலைமுறையாக இருந்தால் வேறு வழியில்லாமல் காத்திருக்கும். ஆனால் சரியாக அந்தச் சமயத்தில்தான் அமேசான் பிரிட்டனிலும் கடை விரித்திருந்தது. நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டே லண்டன் பதிப்பைத் தபாலில் வரவழைக்க முடிந்தது. பொறுமை இல்லாத பிள்ளைகளும் அவர்களுக்கு வாய்த்த பெற்றோரும் அதைத்தான் செய்தார்கள். இந்த நாட்டில் விற்கும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று பணம் கட்டி வாங்கிய பதிப்பாளர், தன் வாசகர்கள் கடல் தாண்டிப் போய் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கொலாஸ்டிக் அவசரமாக இடைவெளியைச் சுருக்கியது. மூன்றாவது புத்தகம் ஜூலையில் பிரிட்டனுக்கும் செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் வந்தது. அந்த இரண்டு மாதமும் அதிகம் என்று தெரிந்தபோது, நான்காவது புத்தகத்துக்கு இரண்டு நாட்டுக்கும் ஒரே நாள் என்று முடிவு செய்தார்கள்.

ஒரே நாளில் உலகம் முழுக்க என்ற ஏற்பாட்டை விளம்பர மூளைகளின் தந்திரம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் அது தந்திரமாகவும் ஆனது, மறுப்பதற்கில்லை. ஆனால் வேர் இங்கேதான் இருக்கிறது: எல்லை தாண்டி ஒழுகிய விற்பனையை அடைக்கப் போட்ட அணை அது. அணை கட்டினால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்.

2000 ஜூலை 8, சனிக்கிழமை. சனிக்கிழமை என்பதைக் கவனிக்க வேண்டும். நான்காவது புத்தகம் தொடங்கி கடைசிப் புத்தகம்வரை நான்குமே சனிக்கிழமைதான் வெளியாயின. பள்ளி விடுமுறை, மட்டம் போடும் கவலை இல்லை, எனவே 3:45 தேவையில்லை, நள்ளிரவிலேயே கதவைத் திறக்கலாம். அமெரிக்காவில் முதல் அச்சு 38 லட்சம் பிரதிகள். அமேசானில் முன்பதிவு செய்தவர்களுக்கு அன்றைக்கே சேர்க்க வேண்டும் என்று ஃபெட்எக்ஸ் 9,000 வண்டிகளையும் சுமார் 100 விமானங்களையும் இறக்கி, ஒரே நாளில் 2,50,000 வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோனது. பிரிட்டனில் ரௌலிங்கை ஒரு நீராவி ரயிலில் ஏற்றினார்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ஸ்காட்லாந்தின் பெர்த்வரை, கதையில் வரும் பள்ளி ரயில்போலவே. புத்தகத்தின் பெயரைக்கூட வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்புவரை ரகசியமாக வைத்திருந்தார்கள். பிரிட்டனில் முதல் நாள் விற்பனை 3,72,775.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதல் மூன்று ஹாரி பாட்டர் புத்தகங்கள் பல மாதங்களாக உச்சியில் உட்கார்ந்திருந்தன. நான்காவதும் வந்தால் பெரியவர்களின் நாவல்களுக்கு இடமே இருக்காது என்று மற்றப் பதிப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். 2000 ஜூலை 23 முதல் சிறுவர் நூல்களுக்குத் தனிப் பட்டியல் வந்தது. பிள்ளைகள் பெரியவர்களின் பந்தியில் முன்வரிசையைப் பிடித்துவிட, அவர்களுக்குத் தனி இலை போட்டு வேறு அறைக்கு அனுப்பிய கதை.

அதன் பிறகு மூன்று ஆண்டு இடைவெளி. ஐந்தாவது புத்தகம் 2003 ஜூன் 21 அன்றுதான் வந்தது. விஷயம் கனிந்தது இந்த மூன்று ஆண்டில்தான் என்பது என் கணிப்பு. நல்ல புத்தகங்கள் எத்தனையோ உண்டு. எல்லாவற்றுக்கும் தெருவில் படுக்க மாட்டார்கள். இந்தக் கதையின் கட்டமைப்பு காத்திருப்பதற்கென்றே அமைந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு கல்வியாண்டு, மொத்தம் ஏழு என்று முன்பே தெரியும். ஒவ்வொன்றும் அடியில் ஒரு துப்பறியும் கதை. ஒரு மர்மம் அவிழ்ந்தாலும் பெரிய மர்மம் அடுத்ததுக்குத் தள்ளிப்போகும். இரண்டாம் புத்தகத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு பொருள் ஆறாவதில் உயிர்நாடியாகிவிடும். இப்படிப்பட்ட கதையைப் படித்த பிள்ளை சும்மா காத்திருக்காது; திரும்பப் படிக்கும், துப்பு தேடும், வாதாடும். 1997-ல் பத்து வயதில் தொடங்கிய வாசகருக்குக் கடைசிப் புத்தகம் வந்தபோது இருபது வயது. தமிழ் வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்லின் அவஸ்தை தெரியும். அந்த ஒரு வாரத்தை இரண்டு மூன்று வருஷமாக இழுத்து, கையில் இணையத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆனது இதுதான். 1999-ல் தொடங்கிய மகிள்நெட், 2000-ல் தொடங்கிய லீக்கி கால்ட்ரன் போன்ற ரசிகர் தளங்களில் ஊகங்கள் குவிந்தன. அவற்றை நடத்தியவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 2001 நவம்பரில் முதல் திரைப்படம் வந்து, படிக்காத வீடுகளுக்கும் பெயரைக் கொண்டுசேர்த்தது. சீனாவில் பொறுமை இழந்த யாரோ 2002-ல் தாங்களே ஓர் 'ஐந்தாம் பாகம்' எழுதி, ரௌலிங் படத்தையும் போட்டு விற்றார்கள். அதில் கதாநாயகன் புளிப்பும் இனிப்புமான ஒரு மழையில் நனைந்து, குண்டான, மயிர் அடர்ந்த குள்ளனாக மாறிவிடுகிறான். பிறகு வருவது வேறொரு பழைய ஆங்கிலச் சிறுவர் நாவலிலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றிய கதை. மோசடிதான். ஆனாலும் பசி எவ்வளவு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பசி கூடக்கூட பூட்டும் கனமானது. 2003-லிருந்து இந்தப் புத்தகங்களின் கதையைச் செய்தித்தாள்களில் குற்றப் பக்கத்திலும் படிக்க முடிந்தது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பங்கே என்ற சிற்றூரில் உள்ள அச்சகத்தில் பிரிட்டன் பதிப்பு அச்சாயிற்று. அங்கே வேலை பார்த்த ஒருவர் ஐந்தாம் புத்தகத்தின் பக்கங்களைச் செய்தித்தாளுக்கு விற்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் கிடந்தது என்றார். 180 மணி நேரச் சமூகப் பணி தண்டனையாகக் கிடைத்தது. அதே ஜூன் மாதம் லிவர்பூலுக்குக் கிழக்கே நியூட்டன்-லெ-வில்லோஸ் என்ற ஊரில் நின்றிருந்த லாரி ஒன்று 7,680 பிரதிகளோடு காணாமல் போனது. நியூயார்க்கில் ஒரு கடை முன்கூட்டியே விற்ற பிரதியை வாங்கிய டெய்லி நியூஸ் நாளிதழ் கதை விவரத்தை வெளியிட, ரௌலிங்கும் ஸ்கொலாஸ்டிக்கும் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2005-ல் ஆறாவது புத்தகப் பிரதிகளைத் திருடி விற்க முயன்ற கிடங்குக் காவலாளி ஒருவருக்கு, துப்பாக்கி காட்டி மிரட்டியதற்கும் சேர்த்து, நான்கரை ஆண்டு சிறை கிடைத்தது. ஒரு பள்ளிச் சிறுவனின் கதைக்காக, பாருங்கள்.

இவற்றில் எனக்கு விசித்திரமாகப் படுவது கனடாவில் நடந்தது. 2005 ஜூலை 7. வான்கூவருக்குப் பக்கத்தில் கோக்விட்லம் என்ற ஊரில் ஒரு பேரங்காடி, தேதி தெரியாமல் ஆறாவது புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டது. யாரோ கவனிப்பதற்குள் 14 பிரதிகள் விற்றுப்போயின. வாங்கியவர்கள் காசு கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டார்கள். கனடாப் பதிப்பாளரான ரெயின்கோஸ்ட், பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றத்துக்குப் போய் தடையாணை வாங்கியது. அந்த ஆணைப்படி, 14 பிரதிகளை வைத்திருப்பவர்கள் ஜூலை 16 நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம்வரை புத்தகத்தைப் பிறருக்குக் காட்டக் கூடாது. கதையைச் சொல்லக் கூடாது. தாங்களும் படிக்கக் கூடாது. சொந்தக் காசில் வாங்கிய புத்தகத்தைப் படிக்க ஒரு நீதிமன்றத் தடை! சட்ட அறிஞர்கள் கொதித்தார்கள். பதிப்பாளரும் தன் பங்குக்கு, தேதிக்குமுன் திருப்பித் தந்தால் ரௌலிங் கையெழுத்திட்ட சீட்டும் டி-ஷர்ட்டும் தருவதாக ஆசை காட்டினார்.

கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த ஆணைக்குப் பின்னால் உள்ள எண்ணத்தை யோசித்துப் பாருங்கள். 14 பேர் முன்னால் படித்தால் பதிப்பகத்தின் வருமானம் ஒரு காசுகூடக் குறையப்போவதில்லை. குறைவது வேறு. அந்த இரவின் மொத்த வசீகரமும், யாருக்கும் முடிவு தெரியாது என்ற சமத்துவத்தில்தான் இருந்தது. லண்டன் பத்திரிகை விமர்சகருக்கும் ஊர்க்கோடியில் உள்ள எட்டாம் வகுப்பு மாணவிக்கும் ஒரே நிமிடத்தில்தான் புத்தகம் கையில் கிடைக்கும். யாருக்கும் முன்பிரதி கிடையாது. யாரும் யாருக்கும் கதையை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. சொன்னவர்களும் இருந்தார்கள்தான். ஆறாவது புத்தகம் வந்த சமயம், வரிசையில் நிற்பவர்களைக் காரில் கடந்துபோகிறபோது, இறக்கும் பாத்திரத்தின் பெயரையும் கொன்றவரின் பெயரையும் ஜன்னல் வழியே கத்திவிட்டுப் பறந்த குறும்பர்கள் உண்டு. அந்த வரிசை பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. (இன்னும் படிக்காதவர்களுக்காக இங்கே அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை.)

சரி, பணம். அமெரிக்காவில் முதல் அச்சு 2003-ல் 68 லட்சம், 2005-ல் 1.08 கோடி, 2007-ல் 1.2 கோடி என்று ஏறியது. ஆனால் எல்லோரும் கொழித்தார்கள் என்று நினைத்தால் தப்பு. பிரிட்டனில் கடைசிப் புத்தகத்தின் அட்டை விலை 17.99 பவுண்டு. ஆஸ்டா பேரங்காடி அதை 5 பவுண்டுக்கு விற்றது. அது கொள்முதல் விலையைவிடக் குறைவு. புத்தகத்தில் நஷ்டப்பட்டாலும், வாங்க வருகிறவர் பாலும் ரொட்டியும் துணி சோப்பும் எடுக்காமல் போக மாட்டார் என்ற கணக்கு. நம் ஊர்க் கடைகளில் ஆடித் தள்ளுபடிக்குச் சர்க்கரையை அடிமாட்டு விலைக்கு வைத்துக் கூட்டம் இழுப்பதுபோல. வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால் ஆஸ்டா, குழந்தைகளிடம் பதிப்பகம் கொள்ளையடிக்கிறது என்று அறிக்கை விட்டது. ப்ளூம்ஸ்பரி, பழைய பாக்கியைச் சொல்லி அவர்களுடைய 5 லட்சம் பிரதிகளை நிறுத்திவைத்தது. ஆஸ்டா மன்னிப்புக் கேட்டு, பாக்கியையும் தீர்த்த பிறகு சரக்கு போனது.

இந்தச் சண்டையில் நசுங்கியவை சிறு புத்தகக்கடைகள். பத்து வருஷம் முன்னால், யாரும் கேள்விப்படாத ஒரு சிறுவர் நாவலை, கடைக்கு வந்த பிள்ளைகள் கையில் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அறுவடை நாளில் மொத்த வியாபாரியிடம் வாங்குவதைவிடப் பக்கத்துப் பேரங்காடியில் போய் வாங்கி வந்து விற்பது மலிவாக இருந்தது. சிலர் அப்படியே செய்தார்கள். ஆனாலும் விழாவை நன்றாக நடத்தியதும் சிறு கடைக்காரர்கள்தான். அங்கி போட்டுக்கொண்டு நின்றார்கள், பிள்ளைகள் நெற்றியில் மின்னல் தழும்பு வரைந்தார்கள், வினாடி வினா நடத்தினார்கள். லாபம் வராது என்று தெரிந்தே ராத்திரி கண்விழித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

2007 ஜூலை 21. கடைசிப் புத்தகம். இந்தத் தடவை வரிசை மூன்று நாள் முன்னாலேயே தொடங்கிவிட்டது. லண்டன் பிக்காடிலியில் உள்ள வாட்டர்ஸ்டோன்ஸ் கடைக்கு வெளியே மழையில் நனைந்தபடி, பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் காத்திருந்தார்கள். ரௌலிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நள்ளிரவில் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, சுமார் 1,700 பேருக்கு விடியவிடியக் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் பார்டர்ஸ் கடைகள் ஒரு பாத்திரம் நல்லவரா கெட்டவரா என்று முன்பே பட்டிமன்றம் நடத்தி, இரு கட்சிக்கும் ஒட்டுவில்லை அச்சடித்துக் கொடுத்திருந்தன. ஒரே நிமிடம் என்ற விதி உலகம் முழுக்க வெவ்வேறு கடிகாரங்களில் வெவ்வேறு விதமாக அடித்தது. லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் என்றால் இஸ்ரேலில் அதிகாலை 2:01. அன்று யூதர்களின் ஓய்வு நாள். அந்நேரம் கடை திறந்தால் அபராதம் என்று அப்போதைய வர்த்தக அமைச்சர் எலி யிஷாய் எச்சரித்தார். இந்தியாவில் மணி 4:31. அமெரிக்க நள்ளிரவுக்கும் ஆஸ்திரேலியக் காலைக்கும் இடையில் நமக்கு வாய்த்தது பால்காரர் வரும் நேரம். பிள்ளைகளைச் சனிக்கிழமையும் அதுவுமாக விடியலுக்கு முன்னால் யாரும் எழுப்பாமலே எழுந்து நிற்க வைத்த புத்தகம் என்று அப்போதைய பெற்றோர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் 83 லட்சம், பிரிட்டனில் 26.5 லட்சம் பிரதிகள் விற்றன.

பூட்டு அதற்குள் உடைந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால் யாரோ ஒருவர் புத்தகத்தைத் தரைவிரிப்பின்மேல் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டார். கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. படங்களுக்குள் கேமராவின் வரிசை எண்கூடப் பதிந்திருந்தது. ஓர் இணையக்கடை சுமார் 1,200 பிரதிகளை முன்கூட்டியே அனுப்பி வழக்கில் மாட்டியது. நியூயார்க் டைம்ஸ் இரண்டு நாள் முன்னாலேயே விமர்சனம் போட்டது. ரௌலிங் வருத்தத்தோடு கண்டித்தார். ஆனால் வாசகர்கள் செய்ததைப் பாருங்கள். சுட்டிகளைத் தேடிப் போய்ப் படித்தவர்கள் சிலர்தான். ரசிகர் தளங்கள் தாங்களாகவே கதையை முன்கூட்டியே சொல்லும் பதிவுகளை நீக்கின; பலர் அந்த வாரம் முழுக்க இணையத்தையே திறக்காமல் இருந்தார்கள். முதலில் பதிப்பகம் போட்ட பூட்டு அது. கடைசியில் அதைக் காவல் காத்தவர்கள் வாசகர்கள்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத வாசகர்களுக்கு இந்தச் சமத்துவம் பொருந்தவில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்குக்கூட முன்பிரதி தரவில்லை. எல்லோரையும்போல அவர்களும் ஜூலை 21-க்குக் காத்திருந்து அதன் பிறகே வேலையைத் தொடங்கினார்கள். பிரான்ஸில் ஐந்தாவது புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பே விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தது. ஓர் ஆங்கிலப் புத்தகம் அங்கே அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல்முறை. கடைசிப் புத்தகத்தின் பிரெஞ்சுப் பதிப்பு அக்டோபர் 26 என்று அறிவித்திருந்தார்கள். எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஆகஸ்டிலேயே முழுப் புத்தகத்தையும் பிரெஞ்சில் இணையத்தில் ஏற்றிவிட, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காசுக்காகச் செய்யவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். தமிழில் படிக்க விரும்பியவர்களின் காத்திருப்பு மாதக் கணக்கில் அடங்காது. போபாலின் மஞ்சுள் பதிப்பகம் வழியாகத் தமிழில் ஹாரி பாட்டர் வந்து சேர்ந்தபோது, இங்கே ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த 4:31 வரிசை ஆங்கிலவழிக் கல்வியின் வரிசை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் இப்படி ஓர் இரவு வரவில்லை. பதின்வயதினருக்கான சில தொடர்களுக்கு நள்ளிரவுக் கூட்டங்கள் நடந்தன; நன்றாகவும் விற்றன. 2016 ஜூலை 31 அன்று இதே வரிசையில் ஒரு நாடகப் பிரதி புத்தகமாக வந்தபோது பழைய ஆட்கள் பழைய அங்கிகளைத் தேடி எடுத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு நாளில் 20 லட்சம் விற்றது. ஆனால் லண்டன் மேடையில் நாடகம் ஜூன் மாதமே முன்னோட்டக் காட்சிகளாக ஓட ஆரம்பித்துவிட்டது. பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். ரகசியம் காக்கச் சொல்லி அவர்களுக்குச் சட்டையில் குத்தும் வில்லை கொடுத்தார்கள். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத நிலை வந்தபோதே பழைய இரவின் ருசி போய்விட்டது.

காலமும் ஒரு காரணம். முதல் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2007 ஜூன் 29; கடைசிப் புத்தகத்துக்கு மூன்று வாரம் முன்னால். மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் அதே ஆண்டு நவம்பரில். ஹாரி பாட்டர் புத்தகங்கள் முறையான மின்னூலாக வந்தது 2012-ல்தான். ஆகவே அந்த இரவில் கதை வேண்டும் என்றால் காகிதம் வேண்டும், காகிதம் வேண்டும் என்றால் கால் கடுக்க நிற்க வேண்டும். இணையம், ஊகங்களைப் பரப்பி ஆவலைக் கிளறும் அளவுக்கு வளர்ந்திருந்தது. முடிவை எல்லோர் சட்டைப் பைக்குள்ளும் தள்ளிவிடும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. இன்றைக்கு எந்தப் புத்தகமும் நள்ளிரவில் தானாகத் தொலைபேசிக்குள் வந்து விழுந்துவிடும். தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை ஆரவாரமும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2006-ல் ஸ்கொலாஸ்டிக் நடத்திய ஆய்வில், 5 முதல் 17 வயதுவரையான ஹாரி பாட்டர் வாசகர்களில் 51 சதவீதம் பேர், இதற்கு முன் பொழுதுபோக்காகப் புத்தகம் படித்ததில்லை என்றார்கள். விற்கிறவரே எடுத்த கணக்கு. கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கிய விமர்சகர் ஹரால்ட் ப்ளூம், மூன்றரைக் கோடிப் பேர் வாங்கியது தப்பாக இருக்க முடியுமா என்று தானே கேட்டு, ஆம் என்று தானே பதில் சொன்னார். அந்த விவாதத்தில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வரிசை கலைந்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து சாட்சியம் கிடைத்திருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர்கள் சிலர் ஒரு கணக்கு எடுத்து, 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கோடைக்கால வார இறுதியில் கீழே விழுந்து, கை கால் அடிபட்டு, அவசரப் பிரிவுக்கு வரும் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகள் அங்கே சராசரியாக 67 பேர். ஐந்தாவது புத்தகமும் ஆறாவது புத்தகமும் வெளியான இரண்டு வார இறுதிகளில் மட்டும் வந்தவர்கள் முறையே 36, 37. வெயில் அடித்த நாட்கள்தான். மரம் ஏறவோ சைக்கிள் ஓட்டவோ ஆள் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்தது வேறு மாதிரி. 2003 அக்டோபரில், வாஷிங்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். 8 முதல் 10 வயதுவரையான மூன்று பிள்ளைகள் இரண்டு மூன்று நாளாகத் தலைவலி என்று வந்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, வேறு நோய் இல்லை. மூவரும் 870 பக்கம் கொண்ட ஐந்தாவது புத்தகத்தை இடைவிடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னார் மருத்துவர். இருவர் மறுத்துவிட்டு, மாத்திரை போதும் என்றார்கள்.